குழந்தைகளுக்கு ஏற்கெனவே வந்துபோன வைரஸ் தொற்றை ஆன்டிபாடி ஆய்வுகள் எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன?

கேள்வி (பொதுச் சுகாதார மாணவி)

வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் பட்டமேற்படிப்பு படிக்கிறேன். குழந்தைகளிடையே ஒரு வைரஸ் எவ்வளவு பரவியிருந்தது என்பதை இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை (நோய் எதிர்ப்புப் புரதத்தை) கொண்டு மதிப்பிடும் செரோ ஆய்வுகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை ஒன்றின்படி, 2021 டிசம்பரில் அந்நாட்டில் 11 வயது வரையிலான குழந்தைகளில் 44.2 சதவீதத்தினரிடம் கொரோனா தொற்று வந்துபோனதற்கான ஆன்டிபாடி இருந்தது. ஒமைக்ரான் அலைக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில், அது 75.2 சதவீதமாக உயர்ந்துவிட்டது. இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடத்திய நான்காவது தேசியச் செரோ ஆய்வில் 6 முதல் 9 வயது வரையிலானோரில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வயது வரையிலானோரில் 61.6 சதவீதம் என்று முடிவு வந்தது. நோயாளிகளாகப் பதிவான குழந்தைகளின் எண்ணிக்கையோ இவற்றின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆன்டிபாடி இருப்பது தொற்றினாலா, தடுப்பூசியினாலா, தாயிடமிருந்து வந்ததா என்பதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? ஆன்டிபாடி இல்லை என்று முடிவு வந்தால் அந்தக் குழந்தைக்குத் தொற்றே வரவில்லை என்று கொள்ளலாமா? மேற்சொன்ன சதவீதங்களை அப்படியே எடுத்தாள்வதற்கு முன் நான் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்? இத்துறையில் பணிபுரிபவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் (வைரஸ் ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

உங்கள் முதல் கேள்விக்கு விடை, வைரஸின் எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுகிறோம் என்பதில் இருக்கிறது. கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, தொற்று வந்தாலும் உருவாகும், தடுப்பூசி போட்டாலும் உருவாகும். நியூக்ளியோகேப்சிட் என்னும் உட்புரதம் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இல்லை. ஆகவே அதற்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது தொற்றின் தடயம். நீங்கள் குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வு இதைத்தான் தேடியது. ஆனால் கோவேக்சின் போன்று முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்படும் தடுப்பூசிகளில் உட்புரதமும் இருப்பதால், அவை போடப்பட்ட குழந்தைகளிடம் இந்த வழி பயன்படாது. இந்தியாவின் நான்காவது ஆய்வு நடந்தபோது குழந்தைகளுக்கான கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கப்படவில்லை என்பதால், அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்தப் பிரிப்பு மிகத் தெளிவாக அமைந்திருப்பது ஹெபடைடிஸ் பி நோயில்தான். தடுப்பூசியில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மட்டுமே இருக்கிறது. எனவே உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஒரு குழந்தையிடம் காணப்பட்டால், அந்தக் குழந்தையின் உடலுக்குள் உண்மையான வைரஸ் நுழைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இதற்கு நேர்மாறு தட்டம்மை. அதன் தடுப்பூசியே வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், வழக்கமான ஐஜிஜி (இரத்தத்தில் நெடுநாள் நீடிக்கும் ஆன்டிபாடி வகை) சோதனை தொற்றையும் தடுப்பூசியையும் பிரித்துக் காட்டாது. அத்தகைய ஆய்வு, பாதுகாப்பு இல்லாத குழந்தைகள் எந்த வயதில் மிகுதியாக இருக்கிறார்கள் என்பதைக் கண்டறியவே பயன்படுகிறது.

தாயின் ஆன்டிபாடியைப் பொறுத்தவரை, ஐஜிஜி வகை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது, தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் வகை செல்வதில்லை. தாயிடமிருந்து பெற்ற ஐஜிஜி பெரும்பாலான வைரஸ்களுக்கு ஓராண்டுக்குள் மறைந்துவிடுகிறது என்றாலும், சற்று முன்பு சொன்ன ஹெபடைடிஸ் பி உட்கருப் புரத ஆன்டிபாடி 24 மாதம் வரைகூட நீடிக்கக்கூடும். கைக்குழந்தைகளையும் பள்ளிக் குழந்தைகளையும் ஒரே வயதுப் பிரிவில் சேர்த்துச் சதவீதம் தரும் அறிக்கையைப் பார்த்தால், கைக்குழந்தைகளைத் தனியே காட்டும் அட்டவணை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி மற்றொன்றுக்கான எலைசா என்னும் ஆன்டிபாடி சோதனையில் வினைபுரிந்துவிடும். ஐயம் எழும் மாதிரிகளில் ஒரு பகுதியையாவது, ஆன்டிபாடி உயிருள்ள வைரஸை உண்மையில் தடுக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அது நாள் பிடிக்கும் வேலை, செலவும் அதிகம். ஆனாலும் இந்த நோய்கள் சேர்ந்தே பரவும் பகுதிகளில் அதைத் தவிர்த்துவிட்டு வெளியிடப்படும் எண்ணை நான் நம்ப மாட்டேன்.

பதில் (நோய்ப்பரவல் புள்ளியியல் ஆய்வாளர்)

ஆன்டிபாடி இல்லை என்பதும் தொற்று வரவில்லை என்பதும் ஒன்றல்ல. குழந்தைகள் விஷயத்தில் இதை அழுத்தியே சொல்ல வேண்டும். மெல்போர்னில், ஆர்டி-பிசிஆர் வழியே கொரோனா உறுதிசெய்யப்பட்டு இலேசான நோய் மட்டுமே கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பெரியவர்களில் 76 சதவீதத்தினருக்கு ஆன்டிபாடி உருவாகியிருக்க, குழந்தைகளில் 37 சதவீதத்தினருக்கே உருவாகியிருந்தது. அது சிறிய ஆய்வுதான். ஆனால் அது காட்டும் திசை முக்கியமானது. ஒரு சோதனையின் நேர்மறை வரம்பை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெரியவர்களின் இரத்தத்தைக் கொண்டு வகுத்துவிட்டு, அதே வரம்பை இலேசாக நோய்ப்பட்ட ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொருத்தினால், உண்மையில் தொற்று வந்த பலரை அது தவறவிடும். உருவான ஆன்டிபாடியும் அப்படியே நிலைப்பதில்லை. ஐஜிஜி வகையை மட்டும் தேடும் சில சோதனைகள் சில மாதங்களிலேயே எதிர்மறை காட்டத் தொடங்கிவிடும். எல்லா வகை ஆன்டிபாடியையும் சேர்த்துப் பிடிக்கும் சோதனைகள் அதே இரத்தத்தில் நெடுநாள் நேர்மறையாகவே இருக்கும். எனவே இரு ஆய்வுகளை ஒப்பிடுவதற்கு முன் அவை ஒரே சோதனையைப் பயன்படுத்தினவா என்று பாருங்கள்.

பொய்யான நேர்மறையைத் திருத்த 1978இல் ரோகன், கிளாடன் ஆகிய இருவரும் தந்த எளிய வழி இன்றும் பயன்படுகிறது. தொற்று வந்தவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும், வராதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். அதில் 8 சதவீதக் குழந்தைகள் நேர்மறை என்று வந்தால், 8இலிருந்து பொய்யான 5ஐக் கழித்து, 0.85ஆல் (0.90 + 0.95 − 1) வகுக்க வேண்டும்; உண்மை அளவு ஏறத்தாழ 3.5 சதவீதம்தான். அதாவது வெளியான எண்ணில் பாதிக்கும் மேல் வெறும் பிழை. அதே சோதனையில் 60 சதவீதம் நேர்மறை வந்தாலோ, திருத்திய அளவு 64.7 ஆகிறது, இங்கே பிழை எதிர்த்திசையில் இருக்கிறது. தொற்று அரிதாக இருக்கும் தொடக்கக் காலத்து ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

குழந்தைகளைத் தனியே ஆராய்வதில் பெரியவர்களிடம் கிடைக்காத ஒரு வசதியும் உண்டு. குழந்தையின் வயதுதான் அந்தக் குழந்தை தொற்றுக்கு ஆளாகக்கூடிய காலத்தின் நீளம். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தொற்று பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், வயது ஏற ஏறச் சதவீதம் உயரும் விதத்திலிருந்து ஆண்டுத் தொற்று வேகத்தைக் கணக்கிடலாம். ஹ்யூகோ மியூன்ச் 1930களிலேயே இதற்கான கணிதத்தை வகுத்துவிட்டார். 2017–18இல் இந்தியாவின் 15 மாநிலங்களில் நடந்த டெங்கு ஆய்வில் 5 முதல் 8 வயதினரில் 28.3 சதவீதமும் 9 முதல் 17 வயதினரில் 41.0 சதவீதமும் நேர்மறையாக இருந்தனர். வயதுப் பிரிவுகளின் நடுப்புள்ளியைக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், இன்னும் தொற்று வராத குழந்தைகளில் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதத்தினருக்கு முதல் தொற்று வருகிறது என்றாகிறது. சிறு வயதுப் பிரிவிலிருந்து கிடைக்கும் வேகம் மற்றதைவிடச் சற்றுக் கூடுதலாக வருவதை வைத்து, அண்மையில் டெங்கு பெருகிவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தொற்று மிகுந்த பகுதிகளையும் குறைந்த பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டாலே அத்தகைய வேறுபாடு தானாகத் தோன்றும். பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிட்ட பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது புதிதன்று. 2009இல் பன்றிக்காய்ச்சலின் முதல் அலைக்குப் பிறகு இங்கிலாந்தில், தொற்று மிகுந்திருந்த பகுதிகளில் மூன்று குழந்தைகளில் ஒருவருக்குத் தொற்று வந்திருந்ததாக ஆன்டிபாடி ஆய்வு காட்டியது. மருத்துவக் கண்காணிப்பு காட்டிய அளவைப் போல் அது பத்து மடங்காக இருந்தது. அந்த ஆய்வை நம்பகமாக்கியது, 2008இல் சேகரித்துப் பாதுகாத்து வைத்திருந்த இரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததுதான்.

பதில் (களப்பணி மேற்பார்வையாளர்)

மேலே இருவரும் சொன்னவை ஆய்வகத்துக்கு மாதிரி வந்து சேர்ந்த பிறகு நடப்பவை. மாதிரி யாரிடமிருந்து வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அமெரிக்க ஆய்வில் பயன்பட்டது, வேறு காரணங்களுக்காகப் பரிசோதனைக் கூடங்களுக்கு வந்து மிஞ்சிய இரத்தம். மருத்துவரிடம் செல்லாத குழந்தைகள் அதில் இடம்பெற மாட்டார்கள். வீடு வீடாகச் சென்று எடுக்கும் ஆய்வில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பெற்றோர் தம் இரத்தத்தைக் கொடுக்க இசைவார்கள், கைக்குழந்தைக்கு ஊசி என்றதும் தயங்குவார்கள். அதனால் சிறு வயதுப் பிரிவில் மறுப்பு விகிதம் கூடுகிறது. மறுத்தவர்களின் எண்ணிக்கையை வயதுவாரியாக வெளியிடாத அறிக்கையில், சிறு வயதினரின் எண்ணைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

நரம்பில் இரத்தம் எடுப்பதற்குப் பதிலாக விரல் நுனியில் குத்தி வடிதாளில் இரத்தப் பொட்டு எடுப்பதே சிறு குழந்தைகளுக்கு ஏற்றது. கையைச் சற்று வெதுவெதுப்பாக்கி, நடுவிரல் அல்லது மோதிரவிரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்து ஊறி வரும் பெரிய சொட்டு, விரல் தாளில் படாமல், அச்சிட்ட வட்டத்துக்குள் தானாகப் பரவ வேண்டும். அழுகின்ற குழந்தையின் விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து மாதிரி நீர்த்துப்போகும். ஒரு சொட்டின் மேல் இன்னொரு சொட்டை வைத்தால் வட்டத்தில் அடர்த்தி சீராக இராது. ஆய்வகத்தில் அந்தப் பொட்டிலிருந்து சில மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துண்டை வெட்டி எடுத்துத்தான் ஆன்டிபாடியைக் கரைத்தெடுக்கிறார்கள் என்பதால், பொட்டின் தரம் நேரடியாக முடிவைப் பாதிக்கிறது. வெயில் படாத இடத்தில் தாளைச் சில மணி நேரம் நன்றாக உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு மூட வேண்டும். ஈரம் காயாமல் மூடிய தாள் பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை வலி பொறுத்துக் கொடுத்த இரத்தம் வீணாவது மனத்துக்கு மிகவும் வேதனையாக இருக்கும்.

பெற்றோரின் ஒப்புதலோடு, விவரம் புரியும் வயதுள்ள குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். தடுப்பூசி விவரத்தை நினைவிலிருந்து எழுதினார்களா, அட்டையைப் பார்த்து எழுதினார்களா என்பதையும் உங்கள் கட்டுரையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இத்தனை விவரங்களை எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி. இத்தகைய ஆய்வின் சதவீதத்தைக் கொண்டு, ஒரு பகுதியில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாமா? அல்லது ஒவ்வொரு குழந்தையையும் சோதித்துப் பார்ப்பதுதான் முறையா?

பதில் (குழந்தைநல மருத்துவர்)

இந்தக் கேள்விக்குக் குழந்தைகள் கொடுத்த விலை மிகப் பெரிது. டெங்குவாக்சியா என்னும் டெங்கு தடுப்பூசியை, தடுப்பூசி பெறவிருக்கும் வயதினரில் ஏறத்தாழ 70 சதவீதமோ அதற்கு மேலோ ஆன்டிபாடி காணப்படும் பகுதிகளில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் கருதியது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு அது போடப்பட்டது. முன்பு டெங்கு வராத குழந்தையின் உடலில் அந்தத் தடுப்பூசி முதல் தொற்றைப் போல் செயல்பட்டு, பின்னர் உண்மையான டெங்கு வரும்போது அது கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதைத் தயாரிப்பு நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே அங்கே திட்டம் நிறுத்தப்பட்டது.

இதை எப்படிக் கண்டறிந்தார்கள் என்பது உங்கள் முதல் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. சோதனைக் கட்டத்தில் பெரும்பாலான குழந்தைகளிடம் தடுப்பூசிக்கு முன் இரத்தம் எடுத்து வைக்கப்படவில்லை. பிறகு எடுத்த இரத்தத்திலோ தடுப்பூசியால் உருவான ஆன்டிபாடியும் கலந்திருந்தது. ஆனால் அந்தத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடலில் டெங்கு வைரஸின் மேற்புரதங்களைப் பொருத்தித் தயாரிக்கப்பட்டது. டெங்குவின் என்எஸ்1 புரதம் அதில் இல்லை. எனவே பதின்மூன்றாம் மாதத்து இரத்தத்தில் டெங்கு என்எஸ்1 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடி, யாருக்கு இயற்கையாகவே டெங்கு வந்திருந்தது என்பதைப் பின்னோக்கிப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகுதான் ஆபத்து யாருக்கு என்பது துலங்கியது.

2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையை மாற்றியது. ஒவ்வொரு குழந்தையையும் முன்கூட்டியே சோதித்து, முன்பு டெங்கு வந்தவர்களுக்கு மட்டும் போடுவதே சிறந்தது என்றும், அது இயலாத நிலையில் ஒன்பது வயதுக்குள் 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஆன்டிபாடி காணப்படும் பகுதிகளில் மட்டுமே கருதலாம் என்றும் அது சொன்னது. 80 சதவீதம் உள்ள பகுதியிலும் ஐந்தில் ஒரு குழந்தை டெங்குவைக் கண்டிராத குழந்தை என்பதை மறக்கக் கூடாது.

இதனால் எல்லா நோய்க்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று பொருளல்ல. முன்பே தொற்று வந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாலும் தீங்கில்லை என்பதால், அங்கே பகுதி அளவிலான சதவீதமே திட்டமிடப் போதுமானது. கொரோனாவுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு பாதுகாப்பு இருக்கிறதா என்று அறிய ஆன்டிபாடி சோதனை செய்வதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 மே மாதத்திலேயே பரிந்துரைக்க மறுத்துவிட்டது. தடுப்பூசியின் விளைவு முந்தைய தொற்றைப் பொறுத்து மாறுகிறதா என்பதை முதலில் கேளுங்கள். மாறும் என்றால் தனிக் குழந்தையின் சோதனை வேண்டும், மாறாது என்றால் நன்றாக நடத்தப்பட்ட ஒரு செரோ ஆய்வு போதும்.