கேட்வே: நுழைவாயிலா, வாயிலா?

அன்புடையீர், வணக்கம்.

டெபியன் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவும் நிரலான டெபியன் நிறுவியின் பிணைய அமைப்புத் திரைகளுக்கான மொழிபெயர்ப்புக் கோப்பை வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஐ.பி. முகவரி, பெயர் வழங்கி, கணினிப் பெயர் ஆகியவற்றில் நமக்குள் உடன்பாடு வந்துவிட்டது. பிணைய மறைமூடி (நெட்மாஸ்க்: முகவரியின் எந்தப் பகுதி பிணையத்தைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) யாருக்கும் மனநிறைவு தரவில்லை என்றாலும் வேறு சொல் அமையாததால் அதையும் ஏற்றுக்கொண்டோம். எஞ்சியிருப்பது கேட்வே ஒன்றுதான். நம் பிணையத்திலிருந்து வெளியே போகும் தரவைக் கடத்திவிடும் ரவுட்டரைக் குறிக்கும் இந்தச் சொல்லை 'நுழைவாயில்' என்பதா, 'வாயில்' என்பதா என்பதே கேள்வி.

இதில் நான் பிடிவாதமாக நிற்பதற்கு என் வகுப்பில் நடந்த ஒன்றே காரணம். எங்கள் ஆய்வகத்தில் கணினிகளுக்கு முகவரிகளைத் தானாகவே வழங்கும் டிஎச்சிபி வழங்கி கிடையாது என்பதால் தானியங்கி அமைப்பு தோற்றுப்போய், மாணவர்கள் விவரங்களைக் கையால் இட வேண்டியிருந்தது. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி தன் கணினிக்கு 192.168.1.25 என்றும், மறைமூடிக்கு 255.255.255.0 என்றும் சரியாகவே கொடுத்தாள். அடுத்த திரையில் 'நுழைவாயில்' என்று கண்டதும் அதே 192.168.1.25ஐ மறுபடியும் இட்டாள். அது அந்தப் பிணையத்துக்குள் அடங்கிய முகவரிதான் என்பதால் நிறுவி மறுப்புச் சொல்லவில்லை. மென்பொருள் பொதிகளை இணையத்திலிருந்து இறக்கும் கட்டத்தில்தான் வேலை நின்றது. ஏன் அப்படி இட்டாய் என்று கேட்டேன். "என் கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வாயில் என் கம்ப்யூட்டர்தானே சார்" என்றாள். அவள் தமிழைச் சரியாகத்தான் படித்தாள். பிழை நம் சொல்லில் இருந்தது.

அந்தத் திரை கேட்பது உள்ளே வரும் வழியை அன்று. 192.168.1 என்று தொடங்காத எந்த முகவரிக்கும் போகவேண்டிய தரவை யாரிடம் ஒப்படைப்பது என்பதே கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் அதற்கு விடை 192.168.1.1 என்ற ரவுட்டர். 'நுழை' என்ற முன்சொல் படிப்பவரை நேர் எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. அதை நீக்கி 'வாயில்' என்று மட்டும் வைத்தால் போதும். இல்லின் வாய் ஆகிய 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' என நின்ற இலக்கணப்போலி அது. வருவதற்கும் போவதற்கும் பொது. மேலும் தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலியர் முதலியோரை வாயில்கள் என்றே அழைக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்ப்பித்தவர்கள் அவர்கள். ரவுட்டர் செய்யும் வேலையும் அதுதானே.

பேராசிரியர் ஐயா முன்வைத்த 'மடை' என் மனத்தைத் தொட்டது. மறைமூடியை வரப்பு என்று கொண்டால், வரப்புக்குள் இருப்பவற்றுக்கு மடை தேவையில்லை, வரப்பைத் தாண்டுவதற்குத்தான் தேவை என்று அவர் விளக்கிய விதம், கணினி உண்மையில் செய்யும் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் வயலைக் கிட்டத்தில் பாராத பிள்ளைகளுக்கு முதலில் மடையை விளக்கிவிட்டுப் பிறகு கேட்வேயை விளக்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன 'படலை' (வேலிக் கதவு) அங்கே எல்லோர் வீட்டு முகப்பிலும் உள்ள சொல். இக்கரையிலோ அது சங்கப் பாட்டில் வரும் தழைமாலையையே நினைவூட்டும். கேட்வே என்றே எழுதிவிடலாம் என்ற தம்பியின் வாதத்துக்குத்தான் என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலும், சரிசெய்ய வருபவர் வாயிலும் இருப்பது அந்தச் சொல்லே.

இருப்பினும், கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர், பழைய கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறது, இனி மாற்றினால் குழப்பம் என்று நுழைவாயிலையே கேட்டிருக்கிறீர்கள். திரையின் தலைப்பில் அதற்கு உடன்படுகிறேன். என் மாற்றுக்கருத்தைக் கோப்பில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் பதிந்து வைக்கிறேன். ஆனால் தலைப்பின் கீழ் வரும் விளக்கத்தை இப்படி அமைக்க இசைவு வேண்டும்: "உங்கள் உள்ளகப் பிணையத்துக்கு வெளியே செல்லும் தரவு அனைத்தும் இந்த ரவுட்டர் (கேட்வே) வழியாக அனுப்பப்படும். இது உங்கள் கணினியின் முகவரி அன்று." இரண்டாம் வாக்கியம் ஆங்கில மூலத்தில் இல்லை என்பதை அறிவேன், மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதில்லை என்ற நம் வழக்கத்தையும் அறிவேன். அந்த மாணவிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். மறுப்பு உள்ளவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதிவிடுங்கள்.