அடுக்குக் கட்டிலைப் பட்டறையில் அடிக்கக் கொடுக்கிறோம்: என்ன கேஜ், என்ன அளவு சொல்ல வேண்டும்?

வண்ணை_மூன்றாம்_மாடி:
பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு. அறை 10-க்கு 9 அடி, கூரை உயரம் 10 அடி, நடுவில் 48 இஞ்சு ஃபேன். 8 வயதும் 11 வயதும் ஆன இரண்டு பிள்ளைகளுக்கு இரும்பில் அடுக்குக் கட்டில் வேண்டும். கடையில் கைக்கு எட்டும் விலையில் இருப்பவை தொட்டாலே ஆடுகின்றன. கொருக்குப்பேட்டை பக்கம் வெல்டிங் பட்டறையில் கேட்டால் "அளவு எழுதிக் கொடுங்க, அடிச்சுத் தர்றோம்" என்கிறார்கள். மாடிப்படி அகலம் இரண்டரை அடிதான். எந்தக் கன பைப், எப்படி இணைப்பது, என்ன பெயின்ட்? கூலி பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூலைமட்டம்:
முதலில் மெத்தையை முடிவு செய்யுங்கள். 72-க்கு 36 இஞ்சு, 4 இஞ்சு கனம் என்று வைத்துக்கொண்டால் கட்டிலின் உள் அளவு 72½-க்கு 36½. தாளில் "உள் அளவு" என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் வெளி அளவாக எடுத்துக்கொள்வார்கள், மெத்தை இறங்காது.

கால் நான்கும் 1½ இஞ்சு சதுர பைப், 14 கேஜ் (கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும்), உயரம் 66 இஞ்சு. சட்டம் 2-க்கு 1 பைப், 16 கேஜ், 2 இஞ்சுப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். குறுக்குச் சட்டம், தடுப்பு, ஏணி எல்லாம் 1 இஞ்சு, 16 கேஜ். 18 கேஜில் அடித்தால் மலிவு என்று சொல்வார்கள். அந்தக் கனத்தில் வெல்டிங் ராடு கொஞ்சம் நின்றாலே ஓட்டை விழும். அதற்குப் பயந்து மேலோட்டமாகப் பற்றவைப்பார்கள், ஆறு மாதத்தில் இணைப்பு விட்டுவிடும். 16 கேஜுக்கு 2.5 மி.மீ. ராடு சரி.

கீழ்த் தட்டின் மேல்மட்டம் தரையிலிருந்து 14 இஞ்சு. மெத்தையோடு 18. அதற்கு மேல் 36 இஞ்சு விட்டால்தான் கீழே இருப்பவர் தலை இடிக்காமல் உட்காரலாம். மேல் சட்டத்தின் அடிப்பக்கம் 54, மேல்மட்டம் 56, மெத்தை 60-ல் முடியும். தடுப்பு அதற்கு மேல் 5 இஞ்சாவது நிற்க வேண்டும், காலுக்கு 66 வந்தது அதனால்தான். தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே 3½ இஞ்சுக்கு மேல் சந்து வேண்டாம். சுவர்ப் பக்கமும் தடுப்பு போடுங்கள், கட்டில் நகர்ந்தால் சந்தில் பிள்ளை சிக்கும்.

தட்டுக்கு ஐந்து குறுக்குச் சட்டம், அடிக்கு ஒன்றாக. அவற்றைச் சட்டத்தின் மேல்மட்டத்திலிருந்து 4 நூல் (அரை இஞ்சு) இறக்கிப் பற்றவைத்தால் 12 மி.மீ. ப்ளைவுட் சமமாக உட்காரும். ப்ளைவுட் 6-க்கு 3 தாளாகவே கிடைக்கும், 8-க்கு 4 வாங்கி வெட்டி வீணாக்க வேண்டாம். மெத்தை அடியில் வியர்க்காமல் இருக்க 1 இஞ்சு ஓட்டைகள் போடச் சொல்லுங்கள்.

முழுக் கட்டிலாகப் பற்றவைத்தால் உங்கள் மாடிப்படியில் ஏறாது. தலைமாடு, கால்மாடு இரண்டு சட்டம், படுக்கைத் தட்டு இரண்டு, ஆக நான்கு தட்டையான துண்டு. தடுப்பும் ஏணியும் தனியாக. இணைப்புதான் முக்கியம். குழாய்க்கு ஊடே போல்ட் விட்டு முறுக்கினால் குழாயின் சுவர் அமுங்கி, சில வாரத்தில் ஆட்டம் தொடங்கும். அதற்குப் பதில் 40-க்கு 6 மி.மீ. பட்டையை 5 இஞ்சாக வெட்டி நீளச் சட்டத்தின் முனையில் ஒன்று, காலில் ஒன்று. சட்டத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என 10 மி.மீ. போல்ட். காலில் வரும் பட்டையின் பின்னால் நட்டைப் பற்றவைத்த பிறகே காலோடு சேர்க்க வேண்டும். மொத்தம் 16 போல்ட், ஸ்பிரிங் வாஷரோடு. ஒரு முனைக்கு இரண்டு பட்டை, 12 மி.மீ. போகும். ஆகவே நீளச் சட்டத்தை 71½ இஞ்சுக்கு வெட்டினால் உள் அளவு சரியாக வரும்.

டாக் அடித்ததும் (அங்கங்கே புள்ளியாகப் பற்றவைத்ததும்) மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் பார்க்கச் சொல்லுங்கள். 2 நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அப்போதே தட்டித் திருத்தலாம், முழு வெல்டிங் முடிந்த பிறகு முடியாது. பெயின்ட்டுக்கு முன் பட்டறையிலேயே ஒருமுறை முழுதாக மாட்டிப் பாருங்கள். கையால் போடும் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது, அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் பஞ்ச்சில் 1-1, 2-2 என்று அடையாளம் குத்த வேண்டும்.

உப்புக்காத்து:
ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரப் பக்கம் இரும்பு வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தும் துரு பிடிக்கும். தரை துடைக்கிற தண்ணீர் திறந்த காலுக்குள் ஏறும். காலடியில் 3 மி.மீ. தகடு வைத்து மூடிப் பற்றவைத்து, அதற்கு மேல் ரப்பர் புஷ் மாட்டுங்கள். திறந்த முனை எதையும் விடாதீர்கள், மூட்டைப்பூச்சி குடியேற அதுதான் வழி.

புது பைப்பில் எண்ணெய்ப் பசை இருக்கும். தின்னரால் துடைக்காமல் பிரைமர் அடித்தால் தோல் தோலாக உரியும். வெல்டிங் கசடைத் தட்டி எடுத்து, கிரைண்டிங் முடித்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக வெளியில் கிடந்தாலே மேல் துரு வந்துவிடும். கையால் அடிப்பதானால் ரெட் ஆக்சைடைவிட இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலை வைக்காதீர்கள், ஈரத்தில் மினுமினுப்பு செத்துவிடும்.

பவுடர் கோட்டிங் இதைவிட நீடிக்கும். 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் வேக வைப்பது அது. மூடிய பைப்பில் காற்று வெளியேற 3 மி.மீ. ஓட்டை ஒன்று மறைவான இடத்தில் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விரியும் காற்று ஊசித் துளை வழியே வந்து பூச்சைக் குமிழாக்கும். வேலை முடிந்ததும் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

தராசுத்தட்டு:
கூலி பற்றி யாரும் சொல்லவில்லை. கிலோ கணக்கு, மொத்தமாகப் பேசுவது என்று இரண்டு வழி. மொத்தமாகப் பேசினால் பைப் மெலியும், கிலோவுக்குப் பேசினால் தேவையில்லாத கனம் ஏறும். மேலே சொன்ன அளவுக்கு எடை சுமார் 75 கிலோ வரும். அதை நீங்களே தெரிந்து வைத்துக்கொண்டு கிலோ கணக்கில் பேசுவதுதான் நல்லது. எடை பார்ப்பது ப்ளைவுட் சேர்ப்பதற்கு முன்.

கேஜை வாய்வார்த்தையில் நம்ப வேண்டாம். 1 இஞ்சு 16 கேஜ், 20 அடி லென்த் ஒன்று 7 கிலோ இருக்க வேண்டும். ஐந்தரையில் நின்றால் அது 18 கேஜ். 2-க்கு 1 பைப் இரண்டு லென்த், 1 இஞ்சு ஐந்து லென்த் போதும். கால் பைப் ஒரு லென்த்தில் மூன்றுதான் வெட்ட வரும். நான்காவது காலுக்கு இன்னொரு முழு லென்த் வாங்க வேண்டாம், அதே கேஜில் மிச்சத் துண்டு பட்டறையில் கிடக்கும், கேளுங்கள்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தை வரை ஒரு கட்டிலுக்காகப் போவது வண்டிக்கூலிக்குக் கட்டாது. போல்ட், வாஷர் மட்டும் லிங்கிச் செட்டித் தெருவில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பட்டறையிலிருந்து வீட்டுக்கு மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஒன்று போதும். முன்பணம் இரும்புக்கு மட்டும், பாக்கி வீட்டில் மாட்டிய பிறகு. கூலியில் மட்டும் அடித்துப் பேசாதீர்கள். குறைத்தால் முதலில் போவது கிரைண்டிங்கும் பிரைமரும்தான்.

மூலைமட்டம்:
ஒன்று விட்டுப்போயிற்று, இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஃபேன் நடுவில் என்கிறீர்கள். 10 அடிச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டால் ஃபேன் நடு சுவரிலிருந்து 4½ அடி, இறக்கை நுனி 2½ அடி. கட்டில் வெளி அகலமோ 3 அடி 3½ இஞ்சு. இறக்கை முக்கால் அடிக்கு மேல் கட்டிலுக்குள் சுற்றுகிறது. 9 அடிச் சுவரை ஒட்டிப் போட்டாலும் 3½ இஞ்சு உள்ளே வரும். மேலே பிள்ளை எழுந்து நின்று கை தூக்கினால் போதும். அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு, கூண்டு வைத்த சுவர் ஃபேன் தட்டுக்கு ஒன்றாக மாட்டுங்கள். இதை முடிக்காமல் பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வண்ணை_மூன்றாம்_மாடி:
ஃபேன் விஷயம் யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி. சுவர் ஃபேனுக்கு முதலில் பாயின்ட் எடுத்துவிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் 12 இஞ்சு உயர டிரங்குப் பெட்டி தள்ள முடியுமா?

மூலைமட்டம்:
14-ல் 2 இஞ்சு பைப் போனால் மிச்சம் 12. போல்ட் பட்டை அதற்கும் கீழே 1½ இஞ்சு இறங்கும், ஆனால் அது மூலையில் மட்டும்தான். பெட்டி உரசாமல் போக கீழ்த் தட்டை 16 ஆக்குங்கள். மற்ற எல்லாமே 2 இஞ்சு ஏறும், கால் 68. அப்போதும் ஒரு லென்த்தில் மூன்று கால் வரும்.