எட்டாவது சமன்பாடு: விடை 10, எங்களுக்கு வருவது 14. எங்கே தப்பு?

காவேரிப்பட்டணம் அம்மா:
மகள் எட்டாவது. அவங்கப்பா பெங்களூரா மாங்காய் லோடு ஏற்ற மண்டிக்குப் போயிருக்கார், அதனால் கணக்கு என் தலையில். போனில் தமிழ்த் தட்டச்சுதான் இருக்கு, எக்ஸுக்குப் பதில் 'க' போட்டிருக்கிறேன்.

(2க+1)/3 − (க−4)/2 = 4

மீ.பொ.ம 6 என்று எடுத்து அவள் எழுதியது:
2(2க+1) − 3(க−4) = 4
4க + 2 − 3க − 12 = 4
க − 10 = 4
க = 14

கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கு. புத்தகத்தின் பின்னால் 10 என்கிறார்கள்.

பாலக்கோடு டியூஷன்:
இரண்டாவது வரியைப் பாருங்க அக்கா. −3ஐ −4ஆல் பெருக்கினால் +12. அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் மைனஸ் முதல் உறுப்போடு நின்றுவிடக் கூடாது. என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

காவேரிப்பட்டணம் அம்மா:
திருத்தியாச்சு தம்பி. க + 14 = 4, க = −10. எண் வந்துவிட்டது, குறிதான் இடிக்குது. மைனஸை எடுத்துவிடலாமா?

ஊத்தங்கரை கணக்கு சார்:
எடுத்துவிடாதீங்கம்மா! அந்தப் பத்து தற்செயலாக வந்தது. முதல் வரியிலேயே இன்னொரு தப்பு இருக்கு. இடப்பக்கம் முழுக்க 6ஆல் பெருக்கியாச்சு, வலப்பக்க 4 மட்டும் அப்படியே நிற்குது. தராசில் ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லை ஏற்றின கதைதான். பகுதி இல்லாத எண்ணைப் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. 4ஐ 4/1 என்று எழுதச் சொல்லுங்க, கண்ணில் படும்.

க + 14 = 24
க = 10

அப்புறம், பின்பக்கத்து விடை இல்லாமலே சோதிக்கலாம். ஆனால் கேள்வியில் பிரதியிடணும், நாம் பெருக்கி எழுதின வரியில் இல்லை. அந்த வரியே தப்பென்றால் தப்பான விடையும் அதில் பொருந்திப்போகும். 10ஐப் போட்டால் 21/3 − 6/2, அதாவது 7 − 3 = 4. சரி. 14ஐப் போட்டால் 29/3 − 5 = 14/3. நாலுக்குக் கிட்டத்தான், ஆனால் நாலு இல்லை.

பாலக்கோடு டியூஷன்:
சார் சொன்னதோடு இதையும் பார்த்துக்கோங்க அக்கா. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை, −3க = 12 வந்தால் க = 12 + 3 என்று எழுதிவிடும். −3 இங்கே பெருக்கிக்கொண்டிருக்கு. இரண்டு பக்கத்தையும் −3ஆல் வகுத்தால் க = −4.

காவேரிப்பட்டணம் அம்மா:
அடுத்த கணக்கில் அதையேதான் செய்து வைத்திருக்கிறாள் தம்பி. அழிக்கச் சொல்லிட்டேன்.