அம்மப்பாவின் மூன்று கியர் றலி: எந்த வருடத்து வண்டி, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கடலோர வாசி (வெள்ளவத்தை) எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் தறப்பாளுக்குக் கீழே பல வருடமாகக் கிடந்த அம்மப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்திருக்கிறேன். கறுப்பு றலி. 28 x 1½ சில்லு, கம்பி பிரேக், முழுதாக மூடிய செயின் பெட்டி, ஹாண்டிலில் வலப்பக்கம் சின்னக் கியர் விசை. முன்னால் நாரைத் தலை போட்ட தகடு அப்படியே இருக்கிறது. சட்டத்தில் தங்கக் கோடுகள் பாதி தெரிகின்றன, பாதி கறுத்துப்போய்விட்டன. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. குரோமியத்தின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வி வருடம். வீட்டில் இதைப்பற்றி மூன்று கட்சி. பெரிய மாமா சொல்வது: சுதந்திரம் கிடைத்த வருடம், ஊருக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடம் அம்மப்பா வாங்கினார். சின்ன மாமாவுக்கு அது யுத்தத்துக்கு முந்தியது, 1930-களின் தொடக்கம். அம்மாவுக்கு வாங்கிய கதை தெரியாது. ஹர்த்தாலன்று பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் ஊரே ஸ்தம்பித்தபோது அம்மப்பா இந்த மூன்று கியர் வண்டியில்தான் கந்தோருக்குப் போனார் என்பது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம். பின்சில்லு ஹப்பைத் துடைத்துப் பார்த்ததில் ஸ்டேமி-ஆர்ச்சர், ஏ.டபிள்யூ. என்பது வரை வாசிக்க முடிகிறது. அதற்குக் கீழே ஏதோ இலக்கம், பிசுக்கில் தெரியவில்லை.

இரண்டாவது, இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே பெடல் திடீரென்று வெறுமனே சுற்றுகிறது. இடப்பக்கக் கிராங் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்கிறது.

மூன்றாவது, தெகிவளையில் ஒரு பெயின்ற் பாஸ் எல்லாவற்றையும் சுரண்டி, ஸ்பிறே அடித்து, 'புதுசு மாதிரி' தருகிறேன் என்கிறார். விலையும் பரவாயில்லை. கொடுக்கலாமா?


டாம் வீதிப் பையன் எழுதியது:

படம் போடாமல் கேள்வி கேட்பவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும் 😀

டயர், ரியூபுக்குப் பயப்படாதீர்கள். நம்மூர்ப் பெரிய சைக்கிளுக்குப் போடும் அதே 28 x 1½ தான். புறக்கோட்டைப் பக்கம் நடந்தாலே கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம். இந்தக் காலத்து 700-சி டயரையும் சிலர் '28' என்றே விற்கிறார்கள். அது 622 மில்லிமீற்றர், உங்களுடைய றிம் 635. தலைகீழாக நின்றாலும் ஏறாது. டயரின் பக்கத்தில் 635 என்று அச்சாகியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

மற்றதற்குப் பெரியவர்கள் வருவார்கள்.


கொட்டாஞ்சேனைச் சாவிக்காரன் எழுதியது:

தம்பி, சின்ன மாமாவை முதலில் போட்டியிலிருந்து எடுத்துவிடலாம். ஸ்டேமி-ஆர்ச்சர் நொட்டிங்ஹாமில் 1902-இல் தொடங்கிய கம்பனி. அப்போதிருந்தே மூன்று கியர் ஹப்தான் அவர்கள் பிழைப்பு. ஆனால் ஏ.டபிள்யூ. என்ற மாதிரி வந்தது 1936-இல். ஆகவே 1930-களின் தொடக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை, பின்சில்லைப் பொறுத்தவரை.

இலக்கத்தை வாசிக்க உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் வேண்டாம். அடித்த எழுத்து ஆழமில்லை, தேய்த்தால் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் தூரிகையால் துடைத்து, காய்ந்ததும் வெள்ளைச் சோக்கைக் குறுக்கே தேயுங்கள். குழியில் சோக் தங்கி எழுத்து எழும்பும். இரண்டு இலக்கம் இருந்தால் அது வருடம். கூடவே 1 முதல் 12 வரை தனியாக ஓர் எண் இருந்தால் அது மாதம். யுத்தத்துக்கு முந்திய ஹப்பில் ஒற்றை இலக்கம்தான் வரும், 8 என்றால் 1938.

இது ஹப் பிறந்த தேதி, சைக்கிள் பிறந்த தேதி அல்ல. கொழும்பில் அறுபது எழுபது வருடம் ஓடிய வண்டியில் பின்சில்லு மாறியிருக்க எல்லா நியாயமும் உண்டு. அதனால் மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கால இங்கிலீஷ் வண்டியில் முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40. எண்ணிப் பாருங்கள். இரண்டு றிம்மும் ஒரே கம்பனியா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா, றிம்மின் நடுவில் கறுப்பும் கோடும் இருந்தால் இரண்டிலும் ஒரே மாதிரியா? ஆம் என்றால் இரண்டும் சேர்ந்தே வந்த சில்லுகள். யுத்தக் காலத்து வண்டிகளில் குரோமியம் அபூர்வம், எல்லாவற்றுக்கும் கறுப்பே அடித்தார்கள். உங்களுடையதில் கறள் பிடித்த குரோமியம் இருக்கிறது என்றால் அந்த வருடங்களையும் தள்ளிவிடலாம். சட்டத்து இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் றலியின் சட்ட இலக்கத்தை வைத்து வருடம் சொல்பவரை நான் நம்புவதில்லை. தகட்டில் நொட்டிங்ஹாம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில், அசன்சோலில் சென்-றலி என்று செய்ததும் உண்டு. அதுவும் நல்ல வண்டிதான், கதை வேறு.

கியர் நழுவுவது பெரும்பாலும் நோய் அல்ல. ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எதையும் பிடிக்காத ஓர் இடம் இயல்பாகவே இருக்கிறது. கேபிள் தளர்ந்தால் இரண்டாம் கியரில் நிற்க வேண்டியது அந்த இடத்துக்குச் சரிந்துவிடும். விசையை இரண்டில் வையுங்கள். வலப்பக்க அச்சு நட்டில் ஒரு துவாரம் இருக்கும், அதற்குள் பாருங்கள். சங்கிலி பூட்டிய சின்னக் கம்பியின் தோள் அச்சின் நுனியோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தால் கேபிளை இறுக்குங்கள், வெளியே வந்திருந்தால் தளர்த்துங்கள். அதற்கு முன் அந்தக் கம்பி ஹப்புக்குள் முழுதாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சங்கிலி நேராக வளைய மட்டும் அரைச் சுற்றுக்குள் திருப்பி விடுங்கள். இதைச் செய்யும்வரை எழுந்து நின்று மிதிக்கவே வேண்டாம். பெடல் வெறுமையாகிற நேரத்தில் மேல்சட்டம் எங்கே படும் என்று ஆண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சரிமட்டமாக வைத்த பிறகும் மூன்றில் மட்டும் நழுவினால், உள்ளே கிளட்ச்சின் முனை தேய்ந்திருக்கும். அப்போது ஹப்பைத் திறக்கத்தான் வேண்டும். முதலில் எண்ணெய் விட்டுப் பாருங்கள், பாதி 'பழுது' உறைந்த பழைய எண்ணெய்தான். எண்ணெய் மூடியைத் திறந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, சாய்த்து வடியவிட்டு, பிறகு மெல்லிய எஞ்ஜின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கிறீஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் சின்னப் பிடிநாக்குகள் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நம் ஆட்கள் தலைக்கும் பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் அதையே விடுவார்கள், அதனால் சொல்கிறேன். கொஞ்சம் ஒழுகும். ஒழுகாத ஏ.டபிள்யூ. என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம்.

கிராங் சத்தம் கொட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு ஆணி. இதில்தான் வண்டிகள் சாகின்றன. சுத்தியலால் நேரே அடித்தால் பின் வளையும், அதைவிட மோசமாக உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை மட்டும் தளர்த்தி, கிராங்குக்குக் கீழே தடித்த இரும்புக் குழாய் ஒன்றைச் சீமெந்துத் தரையில் நிறுத்தித் தாங்கக் கொடுத்து, பிறகு ஒரே தீர்க்கமான அடி. வைஸ் இருந்தால் அடியே வேண்டாம், அழுத்தியே எடுக்கலாம். றலிக்குப் பெரும்பாலும் 9.5 மில்லிமீற்றர் பின். கடையில் 9 கொடுத்தால் இன்றைக்கு ஏறும், அடுத்த வாரம் மறுபடி 'டக்'. இரண்டு பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போக வேண்டும், இல்லையென்றால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது.

கிராங்கைக் கழற்றினால் குண்டுகளையும் மாற்றுங்கள்: கால் அங்குலம், பக்கத்துக்குப் பதினொன்று. அந்தக் குண்டுகள் உட்காரும், சட்டத்தில் திருகும் கிண்ணங்களை மட்டும் தேவையில்லாமல் மாற்ற விடாதீர்கள். மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் அந்த இடத்தில் அங்குலத்துக்கு 24 மரை, றலியில் 26. கடைப் பையன் 24 மரைக் கிண்ணத்தை நீண்ட சாவி போட்டு ஏற்றிவிட்டால் சட்டமே போச்சு. பின் அச்சும் அப்படித்தான், 13/32 அங்குலம், 26 மரை. கையில் கிடைக்கும் நட் எதுவும் போகாது. கழற்றும் ஒவ்வொரு நட்டையும் டப்பாவில் போட்டு வையுங்கள். சாவிக்குப் பஞ்சிகாவத்தையில் பழைய ஆயுதம் விற்பவர்களிடம் விட்வர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவில் கேளுங்கள், ஸ்கிறூ ஸ்பானரால் நட்டின் மூலையைத் தின்னவிடாதீர்கள்.

கடைசியாகப் பெயின்ற் பாஸ். கொடுக்க வேண்டாம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, காருக்கு நன்றாகவே அடிப்பாராக இருக்கும். ஆனால் அந்தத் தங்கக் கோடும் நொட்டிங்ஹாம் என்ற எழுத்தும் ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது, வண்டி எங்கிருந்து வந்தது என்று சொல்ல மிச்சமிருக்கும் சாட்சியும் அதோடு போய்விடும். தின்னர் பக்கமே போகாதீர்கள். மென்மையான சோப்பு நீர், உடனே துடைத்தல், பிறகு கார் மெழுகு. இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் கறுப்பு எனாமல் தூரிகையால் தொட்டு விடுங்கள். அவ்வளவு போதும்.


இரத்மலானை ஓய்வு எழுதியது:

சாவிக்காரன் சொன்னதோடு இரண்டு.

குரோமியத்துக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேயுங்கள். மேலோடிய கறள் போய்விடும். ஆழமான கறளுக்கு ஒக்சாலிக் அமிலம்: கழற்றிய பாகத்தை மட்டும் ஊறவைக்க வேண்டும், கையுறை போட வேண்டும், பிறகு அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவ வேண்டும். நஞ்சு அது. பிள்ளைகள், பூனை, நாய் இருக்கும் வீட்டில் வாளியை மறந்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள். உரித்து வந்த குரோமியத்தை எதுவும் திருப்பித் தராது.

முன் ஹப் வழக்கத்தைவிடப் பெரிதாக, சட்டி போல இருக்கிறதா? இருந்தால் அது டைனோஹப், விளக்குக்கு மின்சாரம் தரும் ஹப், 6 வோல்ற். விளக்கு எரியவில்லை என்று அதைப் பிரித்துக் காந்தத்தைத் தனியே இழுத்து எடுக்காதீர்கள். உள்ளே கம்பி சுற்றியிருக்கும் ஆமேச்சரிலிருந்து பிரிந்தவுடனேயே காந்தம் வலுவிழக்கும். பெரும்பாலும் வயரும் பல்பும்தான் பழுது.

மற்றது மழை. ஈரமான இரும்பு றிம்மில் கம்பி பிரேக் பிடிக்கும் என்று நம்பிக் காலி வீதியில் இறங்க வேண்டாம். மே மாதத்துக்குப் பிறகு முன்னால் போகும் பஸ்ஸிலிருந்து நல்ல தூரம் விடுங்கள்.


கடலோர வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோக் வேலை செய்தது. 52, பக்கத்தில் 11.

கம்பி முன்னால் 32, பின்னால் 40. இரண்டு றிம்மிலும் ஒரே பெயர், நடுவில் ஒரே கறுப்பும் சிவப்புக் கோடும். தகட்டில் நொட்டிங்ஹாம், இங்கிலாந்து. முன் ஹப் சாதாரணம்தான், டைனோஹப் இல்லை. கேபிளை இறுக்கியதும் மூன்று கியரும் விழுகின்றன, ஹப்பைத் திறக்கவில்லை. கொட்டர் பின் வேலைக்கு வைஸ் உள்ள ஒருவரைப் பிடித்திருக்கிறேன்.

ஆனால் 1952 நவம்பர் என்றால் பெரிய மாமாவின் 1948-உம் விழுந்துவிடுகிறதே? அவர் இதைக் கேட்டு, ஹப் மாறியிருக்கும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.


கொட்டாஞ்சேனைச் சாவிக்காரன் எழுதியது:

அம்மாதான் கெட்டிக்காரி. ஹர்த்தால் 1953 ஓகஸ்ட் 12. ஹப் நொட்டிங்ஹாமில் அச்சானது 1952 நவம்பர். வண்டியில் பூட்டி, கப்பலில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, ஹர்த்தாலுக்கு முன் அம்மப்பாவின் கைக்கு வரத் தாராளமாக நேரம் இருக்கிறது. இரண்டு சில்லும் சோடி என்பதால் ஹப் மட்டும் மாறியது என்ற வாதமும் நிற்காது. இரண்டு சில்லையும் ஒன்றாக மாற்றியிருக்கலாம், ஆனால் 1948 வண்டிக்கு நாலைந்து வருடத்துக்குள் புதுச் சோடி வாங்கிப் போட அந்தக் காலத்தில் யாருக்குக் காசு?

பெரிய மாமாவின் கதை முழுதும் பொய் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். துரைமார் 1948-இல் ஒரே நாளில் கப்பலேறவில்லை, அதற்குப் பிறகும் பல வருடம் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1953-இல் போன ஒருவர் புதிதாக வாங்கிய சைக்கிளை விட்டுப் போயிருக்கலாம். பழைய கடதாசிப் பெட்டியில் சைக்கிள் வரி கட்டிய துண்டு, லைசன்ஸ் தகடு ஏதாவது இருக்கிறதா தேடுங்கள். முதல் துண்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் துரையா கடையா என்பது தெரிந்துவிடும்.

கொட்டர் பின் வேலை முடிந்ததும் வலப்பக்கக் கிராங்கைப் படம் எடுத்துப் போடுங்கள். பல்சில்லில் நாரைத் தலை வெட்டியிருக்கிறதா என்று செயின் பெட்டி மூடியிருப்பதால் நீங்களே இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள்.