டைட்டானியம் இம்ப்ளாண்ட்டைப் புற ஊதா ஒளியில் வைப்பது எதற்கு?

கேள்வி:
வணக்கம். என் தந்தையின் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் டைட்டானியம் இம்ப்ளாண்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு, பொருத்தவிருக்கிறோம். அதைப் பொருத்துவதற்குச் சற்று முன்பு புற ஊதா ஒளியில் வைத்தெடுத்தால் எலும்பு விரைவாகச் சேரும் என்கிறார் மருத்துவர். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. உறைக்குள் இருப்பது கிருமி நீக்கிய திருகுதானே, பிறகு இந்த ஒளி எதற்கு?

பதில் 1:
இது கிருமி நீக்கத்துக்காகச் செய்யப்படுவதில்லை. டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் டைட்டானியம் டை ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும்; எலும்பு சேர்வது அந்தப் படலத்தோடுதான். திருகு உருவான நாள் முதலே காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்கள்) அதன்மேல் படியத் தொடங்குவதால், எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதைப் போல, அந்தப் பரப்பும் நாளடைவில் நீரை ஏற்க மறுக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகாஹிரோ ஒகாவா குழுவினர் இதை டைட்டானியத்தின் முதுமை என்றே குறிப்பிட்டனர். நான்கு வாரம் வைத்திருந்த பரப்பிலேயே எலும்புச் செல்கள் ஒட்டுவது குறைந்துவிடுகிறது. புற ஊதா ஒளி அந்தக் கார்பன் படிவைச் சிதைத்து அகற்றுவதோடு, படலத்தையும் நீர் சட்டெனப் பரவும் தன்மைக்குத் திருப்புகிறது. ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு இவ்வாறு மாறுவதை அகிரா புஜிஷிமா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்கள்; அவர்கள் அப்போது பல்லைப் பற்றி எண்ணவில்லை என்பது வேறு விஷயம்.

பதில் 2:
விளக்கம் சரியானதே. ஆனால் விளம்பரங்களில் அடிக்கடி வரும் எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009இல் வெளியான ஒகாவா குழுவின் ஆய்வில், நான்காவது வாரத்தில் எலும்பும் உலோகமும் தொட்டிருந்த பரப்பு ஒளியூட்டாத திருகில் ஏறத்தாழ 55 சதவீதமாகவும், ஒளியூட்டியதில் 98.2 சதவீதமாகவும் இருந்தது. அது எலிகளின் தொடை எலும்பில் கண்டது. மனிதத் தாடையை வெட்டிப் பார்த்து அளக்க இயலாதாகையால், நோயாளிகளிடம் திருகின் உறுதியை அதிர்வு அலைவெண் கருவியால் மறைமுகமாகவே மதிப்பிடுகிறார்கள். எலும்பு அடர்த்தியாக உள்ளவருக்கு ஒளி இல்லாமலேயே திருகு நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இக்கட்டணம் அவசியமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நிறுவனமே ஒளியூட்டி உறையில் அடைத்து அனுப்பினால் என்ன?

பதில் 1:
காற்றோடு அடைத்தால் கார்பன் மீண்டும் படிந்துவிடும். அதனால்தான் சில நிறுவனங்கள், ஒளியை நாடாமல், திருகை உப்புக் கரைசலில் மூழ்க வைத்தே விற்கின்றன. தந்தையின் எலும்பு அடர்த்தி எப்படி இருக்கிறது, ஒளியூட்டினால் பல்லின் கேப் எத்தனை வாரம் முன்னதாகப் பொருத்தப்படும் என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள். வாரக் கணக்கில் மாற்றம் இல்லையென்றால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன்.