இ20 பெட்ரோலால் குறைந்த மைலேஜை அடிட்டிவ் மீட்டுத் தருமா?

கேள்வி (திண்டுக்கல் வாசகர்):

அனைவருக்கும் வணக்கம். 2016இல் வாங்கிய, கார்புரேட்டர் உள்ள 125 சிசி பைக்கில் நாள்தோறும் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் சென்று வருகிறேன். லிட்டருக்கு 58 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி, பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிய பிறகு 51ஆக இறங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் திணறியதால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன்; கார்புரேட்டரில் ஏதோ மாற்றிக் கொடுத்தார், திணறல் நின்றது. மைலேஜ் கூடும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி அடிட்டிவ் வாங்கி மூன்று முறை டேங்க்கில் ஊற்றியும் பலனில்லை. வேறு நல்ல அடிட்டிவ் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1 (வேதியியல் ஆசிரியர்):

அடிட்டிவ் வாங்கும் முன், எத்தனால் எவ்வளவு மைலேஜை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் 21 மட்டுமே. அதன்படி 10 சதவீதக் கலவையில் 30.9, 20 சதவீதக் கலவையில் 29.8 மெகாஜூல் வருகிறது. நாம் 2022 முதலே 10 சதவீதக் கலவையைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பதால், இப்போதைய இழப்பு சுமார் 3.5 சதவீதம். பழைய இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு இருக்கும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையும் சொன்னது. உங்கள் 58 அந்தக் கணக்கில் 56ஆகத்தான் குறைய வேண்டும். மீதி ஐந்து கிலோமீட்டருக்கு எரிபொருளைக் குறை சொல்ல முடியாது.

ஆக்டேன் எண்ணை, அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் தாங்கும் திறனை, கூட்டும் ஆக்டேன் பூஸ்டர் என்று விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். எத்தனாலுக்கே ஆக்டேன் எண் அதிகம். உங்கள் பைக் போன்ற குறைந்த கம்ப்ரெஷன் உள்ள எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்டேனால் பயனில்லை. இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றில் படிந்த கசடை நீக்கும் டிடெர்ஜென்ட் வகைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன; ஆனால் அவை கசடால் போன மைலேஜைத்தான் திருப்பித் தரும், எரிபொருளில் இல்லாத ஆற்றலை எந்தப் புட்டியும் உள்ளே கொண்டுவர முடியாது.

பதில் 2 (பல்லடம், 22 ஆண்டுகளாக ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்):

சார் போட்ட கணக்கு சரி. அந்த ஐந்து கிலோமீட்டர், கார்புரேட்டரில் செய்த மாற்றத்தில் போயிருக்கும் என்பது என் கணிப்பு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) இந்தப் பெட்ரோல் வரும்போது கலவையில் காற்று மிகுந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் திணறுவது அதனால்தான். புதிய மாசு விதிப்படி வரும் பிஎஸ்6 வண்டிகளில் சென்சார் பார்த்து இசியு என்ற எஞ்சின் கணினி சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. இதற்குக் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் போதும்; ஆனால் அவசரத்தில் இரண்டு அளவு பெரிய மெயின் ஜெட்டைப் போட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள், வண்டி சீராக ஓடும், பெட்ரோல் வீணாகும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் தம்பி. முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. விரலில் ஒட்டும்படி கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. அப்படியே கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்: சென்ற மாதம் இதே வயதுள்ள ஒரு வண்டியில் அது ஊறிப் பெருத்து, கழற்றிய பிறகு பள்ளத்தில் திரும்ப உட்காரவே இல்லை, ஓரமெல்லாம் பெட்ரோல் கசிந்திருந்தது. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் டேங்க்கில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதனோடு பிரிந்து அடியில் தங்கிவிடும், அதற்கு டேங்க்கை வடிப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி அண்ணா, நன்றி ஐயா. பிளக் கன்னங்கரேலென்று இருந்தது. பெரிய ஜெட்தான் போட்டிருந்தார்கள். கம்பெனி அளவு ஜெட்டையே திரும்பப் போட்டு, ஏர் ஸ்க்ரூவை மட்டும் சரிசெய்து, டயர் காற்றையும் பார்த்தேன். டேங்க்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பும் முறையில் இருமுறை அளந்ததில் 55, 55.5 வந்தது. காலையில் மட்டும் ஒரு நிமிடம் சோக் இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ரப்பர் வளையம் சற்றுப் பெருத்திருப்பதால் புதியது சொல்லி வைத்திருக்கிறேன்.