ரஷ்யாவுல யாகுட்ஸ்க்ல இருந்து மகதான் போற கொலிமா ரோட்ல குளிர்காலத்துல போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தேரிக்காட்டான்:

ஜனவரியில யாகுட்ஸ்க்ல இருந்து தோம்தோர் வரைக்கும் புஹான்கா வேன்ல போனேன். ரூட்டு உங்களுக்கே தெரியும், லேனா ஆத்து ஐஸ் மேலயே அக்கரைக்குப் போய், ஹந்திகா தாண்டி, கியூபெமெ பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு பழைய ரோட்ல தோம்தோர் பக்கம் திரும்புறது. குளிர் எப்படி இருந்துச்சுன்னு எழுதப் போறதில்ல, அதுக்கு ஆயிரம் வீடியோ கிடக்கு. ஒரே ஒரு விஷயம் மட்டும் மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது.

ஹந்திகா தாண்டி மலைப்பக்கம். காத்தே இல்ல. தூரத்துல ஒரு கரும்புகை, கொஞ்சம்கூட வளையாம நேரா மேல போயிட்டிருக்கு. எங்க டிரைவர் பார்த்ததும் "டயர்"னு மட்டும் சொன்னாரு, வேற பேச்சு இல்ல. கிட்டப் போனா ஒரு பெரிய லாரி, டீசல் உறைஞ்சு என்ஜின் நின்னுபோச்சு, பக்கத்துல ஒருத்தர் ஸ்டெப்னியைக் கொளுத்திக் குளிர் காஞ்சிட்டிருக்காரு. ஐம்பது வயசு இருக்கும், மூஞ்சி பூரா கரி, புருவத்துல ஐஸ். மைனஸ் 50க்குக் கீழ அன்னைக்கு. மூணு டயர் ஏற்கெனவே எரிஞ்சு கம்பியா கிடக்கு, இது நாலாவது.

எங்ககூட வந்துடுங்கன்னா வரமாட்டேங்கறாரு. பின்னாடி கூட்டாளி வண்டி வருதாம், அது வந்து இழுத்துட்டுப் போகுமாம், சரக்கோட லாரியை விட்டுட்டு வர முடியாதாம். ரொட்டி, ஃப்ளாஸ்க்ல இருந்த டீ, ஒரு கேன் பெட்ரோல் எல்லாம் கொடுத்தோம். இதுவும் எரிஞ்சு முடிஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ரஷ்யன்ல கேட்டேன். மனுஷன் பதிலே சொல்லல, லாரியில மாட்டியிருக்கிற டயரை பூட்ஸ் காலால ரெண்டு தட்டு தட்டிக் காட்டினாரு.

கியூபெமெல தகவல் சொல்லிட்டுத்தான் போனோம். திரும்பி வரும்போது லாரி இல்ல, பனியில கருப்பு வட்டமும் கம்பியும்தான் கிடக்கு. கூட்டாளி வந்து இழுத்துட்டுப் போயிருப்பான்னு டிரைவர் சொல்றாரு. இருக்கலாம். அந்த ரோட்ல ரோந்துன்னு யாராச்சும் வருவாங்களா?

பாய்லர்மணி:

நான் கொலிமா பக்கம் போனதில்ல, ஆனா சைபீரியாதான், தோம்ஸ்க் மாகாணம், நம்ம ஓஎன்ஜிசி 2009ல வாங்கின இம்பீரியல் எனர்ஜி கிணறுங்க இருக்கே, அந்த ஏரியா. நான் வேற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில இருந்தேன். கோடையில அங்க ரோடே கிடையாது, எல்லாம் சதுப்பு. குளிர்ல சதுப்பு உறைஞ்சதும் பனியை அமுக்கி, தண்ணி ஊத்தி உறைய வெச்சு ஒரு ரோடு போடுவாங்க, ஸிம்னிக்னு சொல்வாங்க, வருஷத்துக்கு வேண்டிய பைப்பு சிமெண்ட் மெஷின் எல்லாம் அந்த ரோடு கரையறதுக்குள்ள உள்ள போயாகணும்.

ஒரு ராத்திரி ஒரு ஆத்தங்கரையில டிரைவர் எங்க எல்லாரையும் இறக்கி விட்டுட்டான். அவன் மட்டும் பெல்ட்டைக் கழட்டிட்டு, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஆள் நடக்கிற வேகத்துல ஓட்டறான், நாங்க தள்ளிப் பின்னாடி நடக்கறோம். நடு ஆத்துல காலுக்குக் கீழ டொம்முன்னு ஒரு சத்தம், அது அப்படியே ஆத்தோட நெடுக ஓடிப்போய் எங்கயோ முட்டுச்சு. நான் அசையாம நின்னுட்டேன், எனக்கு முன்னாடி போன வெல்டர் சிகரெட்டைக்கூட எடுக்கல வாயில இருந்து. அக்கரை போனதும் டிரைவர் சொன்னான், சத்தம் வந்தா விடு, ஐஸ் மேல தண்ணி நின்னாத்தான் பயப்படணும்னு.

தேரிக்காட்டான், லேனா கடக்கும்போது பெல்ட் போட்டிருந்தீங்களா? போடவே கூடாது. அதே மாதிரி ஸ்பீடா போனா சீக்கிரம் தாண்டிடலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, தப்பு. வண்டி எடையில ஐஸ் லேசா வளையும், அடியில தண்ணியில ஒரு அலை கிளம்பும், வண்டியும் அலையும் ஒரே வேகத்துல ஓடினா வளைவு பெருசாகி ஐஸ் உடையும், கரை கிட்ட அந்த அலை முட்டித் திரும்பி வரும்போது இன்னும் மோசம். அதனாலதான் மெதுவாப் போ, முன் வண்டிக்கும் உனக்கும் இடைவெளி விடு, நடுவுல நிறுத்தாதேன்னு போர்டு வெச்சிருப்பான். எடை எவ்வளவுன்னும் எழுதியிருக்கும், அதைப் படிக்காம போற ஆளுங்கதான் மார்ச் ஏப்ரல்ல நியூஸ்ல வர்றது.

அரைடாக்டர்:

யாகுட்ஸ்க்ல மெடிசின் படிச்சவன். சின்ன அனுபவம்தான். பஸ் ஸ்டாப்ல நிக்கறேன், ஊரே மூட்டம், வண்டிப் புகையும் வீட்டுப் புகையும் அப்படியே ஐஸ் துகளா உறைஞ்சு தொங்கும், வர்ற பஸ் நம்பர் கிட்ட வந்தாத்தான் தெரியும். பக்கத்துல நின்ன ஒரு யாகுத் பாட்டி என்னையே உத்துப் பாக்கறாங்க. திடீர்னு கிளவுஸைக் கழட்டிட்டு என் கன்னத்துல உள்ளங்கையை வெச்சு அழுத்திட்டாங்க. என்ன ஏதுன்னு புரியல. கன்னத்துல வெள்ளையா ஒரு திட்டு விழுந்திருக்கு, எனக்கு உணர்ச்சியே இல்ல, அதான் விஷயம். பஸ் வர்ற வரைக்கும் கையை எடுக்கல, திட்டிக்கிட்டே இருந்தாங்க. பேரு கூடக் கேக்கல நான்.

போறவங்களுக்கு சிலது சொல்லிடறேன். வெள்ளைத் திட்டு வந்தா தேய்க்காதீங்க. பனியை வெச்சுத் தேய்க்கறது பழைய ஆளுங்க பழக்கம், உள்ள உறைஞ்ச செல்லை நாமளே அரைச்சுக் கிழிக்கற மாதிரி. விரல் மரத்துப் போச்சுன்னா 37 லருந்து 39 டிகிரி தண்ணி, அவ்வளவுதான், அடுப்புல காட்டாதீங்க, உணர்ச்சி இல்லாததால வெந்தாலும் தெரியாது. மறுபடி உறையற வாய்ப்பு இருந்தா இளக்கவே இளக்காதீங்க, ஆஸ்பத்திரி போற வரைக்கும் அப்படியே விடுங்க, ரெண்டாவது தடவை உறைஞ்சா விரல் போயிடும். வோட்கா குடிச்சா சூடாகும்ங்கறதும் பொய், தோல்ல ரத்தக் குழாய் விரிஞ்சு உள்சூடு வெளிய போகுது, சூடா இருக்கற மாதிரி ஒரு நினைப்பு மட்டும்தான். கண்ணாடி போடறவங்க மெட்டல் ஃப்ரேமை மறந்துடுங்க. இறுக்கமான பூட்ஸ் வேண்டாம், ரெண்டு சாக்ஸ் போட்டும் விரல் ஆடணும். கேமராவை வீட்டுக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னாடியே ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க, இல்லன்னா உள்ள போனதும் லென்ஸ் பூரா தண்ணி கோத்துக்கும். தெர்மாமீட்டர் வாங்கிட்டுப் போறேன்னு ஒருத்தர் வேற ஒரு இடத்துல கேட்டிருந்தாரு, பாதரசம் மைனஸ் 39 கிட்டயே உறைஞ்சுடும், ஸ்பிரிட் தெர்மாமீட்டரா பாருங்க.

வெட்டிவாதம்:

அரைடாக்டர் சார், என் டிரைவர் என் மூக்குல பனியைத்தான் தேய்ச்சாரு, மூக்கு இன்னும் இருக்கு. வோட்காவும் குடிச்சோம், உயிரோடதான் டைப் பண்றேன்.

அது போகட்டும். தோம்தோர் பக்கத்துல இருக்கற ஓய்மியாகோன்தான் உலகத்துலயே குளிரான ஊருன்னு எல்லாரும் சொல்றாங்க. அதே யாகுட்டியாவுல இருக்கற வெர்கோயான்ஸ்க் 1892லயே மைனஸ் 67.8 காட்டிடுச்சு, ஓய்மியாகோன் 1933ல அதே ரேஞ்சுக்கு வந்துச்சு, அவ்வளவுதான். ஓய்மியாகோன்ல தூண்ல மைனஸ் 71.2ன்னு எழுதி வெச்சு போட்டோ எடுக்கறாங்களே, அது தெர்மாமீட்டர்ல பார்த்தது இல்ல, கணக்குப் போட்டுச் சொன்னது. அதே வெர்கோயான்ஸ்க்ல 2020 ஜூன்ல 38 டிகிரி வெயில் அடிச்சுது, அதையும் சொல்லுங்க.

நான் பார்த்ததுல வேடிக்கை என்னன்னா, மலைக் கணவாய் ஏற ஏற வண்டியில டெம்பரேச்சர் ஏறுது, கீழ எறங்கினா குறையுது. ஊட்டி ஏறினா குளிரும்னு பழகின நமக்கு இது உல்டா. குளிர் காத்து கனம், பள்ளத்தாக்குல போய்த் தேங்கிடுது. ஓய்மியாகோன் அந்தப் பள்ளத்துல உக்காந்திருக்கு, அதனாலதான் குளிருக்கு அவ்வளவு பேர் வாங்கியிருக்கு. நான் அந்தக் கணவாயில எறங்கி ஜாக்கெட்டைக் கழட்டிட்டு நின்னேன், மைனஸ் 30தான், சொர்க்கம் மாதிரி இருந்துச்சு.

அரைடாக்டர்:

மூக்கு இருக்குன்னா அது லேசா உறைஞ்சதுதான், ஆழமா உறையல. அதிர்ஷ்டத்தை வைத்தியம்னு எழுதாதீங்க, படிச்சுட்டு எவனாச்சும் செய்வான்.

லாரிக்காரன்மகன்:

நான் ரஷ்யா பக்கமே போனதில்ல, நாமக்கல்தான். ஆனா தேரிக்காட்டான் கதையைப் படிச்சுட்டு தூக்கம் வரல. அண்ணே, டயர் எரிஞ்சா ரப்பர் போகும், உள்ள பீடு கம்பி போகாது. ஒரு டயருக்கு ரெண்டு பெரிய வளையம், ரிம்மு ஓரத்துல உக்காருற கம்பி. நீங்க திரும்பி வரும்போது போட்டோ எடுத்திருந்தா வளையத்தை எண்ணுங்க. எட்டு இருந்தா நீங்க பார்த்த நாலு டயரோட சரி, கூட்டாளி வந்துட்டான். அதுக்கு மேல இருந்தா மாட்டியிருந்த டயரையும் கழட்டிருக்காருன்னு அர்த்தம். அப்பாகிட்ட சொன்னேன், லோடு லாரியில தனியாளா அந்தக் குளிர்ல வீல் கழட்டறது நடக்கற காரியமில்லங்கறாரு, நட்டு அவ்வளவு டைட்டா இருக்குமாம்.

தேரிக்காட்டான்:

தம்பி, எடுத்துப் பார்த்தேன். போட்டோ இருக்கு. பனி மூடினது போக ஏழு தெளிவாத் தெரியுது, எட்டாவது மாதிரி ஒண்ணு பாதி. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியல. மத்தவங்க வோட்கா சண்டையை தனியா வெச்சுக்கங்கப்பா, நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

சுடுமணல்:

ரோந்து கிடையாது. ரோடு பராமரிக்கற ஆளுங்க கேம்ப் அங்கங்க இருக்கும், நடுவுல போன் சிக்னல் இல்லாத தூரம்தான் ஜாஸ்தி. வர்ற வண்டி நிக்கணும்ங்கறதுதான் அங்க நடைமுறை, நிக்காமப் போறவனை எந்த ஊர்லயும் மதிக்க மாட்டாங்க. உங்க ஆளு பிழைச்சிருப்பாரு.

என்னோடது தோம்தோர்ல. தங்கின வீட்டம்மா ரொம்ப நல்லவங்க, திண்ணையில சாக்குல பால் கட்டி கட்டியா கிடக்கும், தட்டு தட்டா உறைய வெச்சது, வேணுங்கறப்ப ஒண்ணு எடுத்து உருக்கறாங்க. குடிதண்ணியும் ஆத்துல அறுத்துக் கொண்டு வந்த ஐஸ்தான். ஒரு சாயங்காலம் ஊருக்கு வெளிய கல்லறை பக்கம் நெருப்பு எரியறதைப் பார்த்தேன். நம்ம புத்தி எங்க போகும், சுடுகாடுன்னு நினைச்சு, இங்கயும் எரிப்பீங்களான்னு கேட்டுட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. எரிக்கல, புதைக்கத்தான் நெருப்பு. மண்ணு கல்லா உறைஞ்சிருக்கு, மேல விறகு போட்டு எரிச்சு, தணலைத் தள்ளிட்டு, இளகின மண்ணை மட்டும் வெட்டி எடுத்துட்டு, மறுபடி தணலைப் போட்டு, இப்படியே குழி ஆழமாகற வரைக்கும். நாள் கணக்காகுமாம். அதுவரைக்கும் உடம்பு வீட்டுலதான். செத்தவரு அந்தம்மாவோட சித்தப்பா. இதை அவங்க சொன்னது எனக்குச் சாப்பாடு போட்டு முடிச்ச பிறகு.

வெட்டிவாதம்:

அப்ப யோசிங்க, அந்த மண்ணுல 1930கள்ல ஸ்டாலின் காலத்து முகாம் கைதிங்களை வெச்சு மண்வெட்டியும் தள்ளுவண்டியுமா இந்தக் கொலிமா ரோட்டைப் போட்டாங்க, 1932லருந்து. செத்தவங்களை ரோட்டுக்குள்ளயே போட்டு மூடினாங்கன்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க, அது எவ்வளவு தூரம் உண்மைன்னு எனக்குச் சந்தேகம்தான், ஆனா முகாம்ல செத்தவங்க கணக்கு பொய்யில்ல. மகதான்ல அவங்களுக்காக மலை மேல ஒரு பெரிய முகம் இருக்கு, எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்த்னி செஞ்சது, 1996ல திறந்தாங்க, முகத்துல வழியற கண்ணீர் ஒவ்வொண்ணும் ஒரு குட்டி முகம். ரோட்டை முடிக்கறவங்க அங்க போகாம வராதீங்க.

கிழக்குவாசல்:

மேப்பை நம்பிப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. தோம்தோர்ல இருந்து கதிக்சான் வழியா மகதான் போற பழைய ரோடு போன்ல குறுக்கு வழியாக் காட்டும். பராமரிப்பே இல்லாத ரோடு அது, இப்ப எல்லாரும் உஸ்த்-நேரா வழியாத்தான் போறாங்க. 2020 டிசம்பர்ல ரெண்டு சின்னப் பசங்க அந்தக் குறுக்கு வழியில போய் ரேடியேட்டர் ஓட்டையாகி மாட்டிக்கிட்டாங்க, ஒருத்தன் உறைஞ்சே செத்துட்டான். பதினெட்டு வயசு. தனி வண்டியா போகாதீங்க, ஒரு ராத்திரி தாங்கற அளவுக்கு விறகோ எரிபொருளோ இல்லாம ஊரை விட்டுக் கிளம்பாதீங்க.

கோடையில போனா ஈஸியான்னு இன்பாக்ஸ்ல கேட்டவருக்கு: சேறு, கொசு, லேனா ஃபெர்ரிக்கு கியூ. ஆனா போகலாம். மே மாசம் மட்டும் வேண்டாம், ஆத்துல ஐஸ் உடையற நேரம், வண்டியும் போகாது படகும் போகாது, டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.